மறிச்சவங்களோ? : அமெரிக்க மெடிக்கெயாரும் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலும்

அம்மம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த செய்தி எங்களுக்கு விடியக்காலை ஐந்து மணிக்கு வந்தது. நியூ ஜேர்சியில் அப்போது முதல் நாள் இரவு ஏழரை. மாமாதான் எடுத்தார். அம்மம்மாவை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்கள் என்றார். அம்மா கேட்ட முதல் கேள்வி: "மறிச்சவங்களோ அண்ணா?"

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ஆஸ்பத்திரியில் மறிக்கிறது எண்டால் வாட்டில் சேர்க்கிறது. மறித்தால் ஒரு கட்டில், காலையில் டொக்டர் சுற்றி வருவார், வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் பிளேன்ரீ போகும், சுகமானதும் துண்டு வெட்டி விடுவார்கள். மறிக்காவிட்டால் மருந்து தந்து அனுப்புவார்கள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"ஓம், மறிச்சிட்டாங்கள்" என்றுதான் மாமாவும் சொன்னார். முதல் இரவு கீழே அவசரப் பிரிவுக் கட்டிலில். அடுத்த மூன்று இரவு மேல்மாடியில், ஜன்னலோரக் கட்டிலில். கையில் பெயர்ப் பட்டி, சேலைன், ஒரு பிளாஸ்ரிக் தட்டில் அம்மம்மா தொட்டும் பார்க்காத சாப்பாடு. இடுப்பெலும்பில் மெல்லிய வெடிப்பு, ஒப்பரேஷன் தேவையில்லை, நோவைக் குறைத்து நடக்கப் பழக்கவேண்டும் என்றார்கள். ஐந்தாம் நாள், இனி இவர் சில வாரங்கள் ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருந்து பிசியோதெரபி செய்வது நல்லது, ஆனால் அதற்கு மெடிக்கெயார் காசு தராது என்றார்கள். காரணம், அம்மம்மாவை மறிக்கவே இல்லையாம். நாலு இரவும் அவர் அங்கே இருந்தது "அவதானிப்பில்". சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு வெளிநோயாளி. எங்கள் ஓபிடி வாங்கிலில் துண்டோடு காத்திருக்கிற ஆள் மாதிரி.

நான் இதை முதலில் ஒரு கணக்குப் பிழை என்று நினைத்தேன். யாரோ கம்பியூட்டரில் தவறான பட்டனை அமத்தியிருப்பார்கள். தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அது பிழையே இல்லை, அறுபது வருஷ அரசியல் பேரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து வந்த இடம் என்று விளங்கியது. நான் வரலாறு படிக்கிற ஆள், காப்புறுதி படிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஒரு பில்லுக்குள் இவ்வளவு வரலாறு இருக்கும் என்று விரிவுரைகளில் யாரும் சொல்லித் தரவில்லை.

முதியவர்களுக்கு மட்டும் ஏன்?

அமெரிக்காவில் எல்லாருக்குமான மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்று ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் 1945 நவம்பரில் காங்கிரஸிடம் கேட்டார். அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைச் "சோசலிச மருத்துவம்" என்று முத்திரை குத்தியது. பனிப்போர் தொடங்கும் நேரத்தில் அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ட்ரூமன் தோற்றார்.

தோற்றவர்கள் பிறகு கொஞ்சம் கெட்டித்தனமாக யோசித்தார்கள். எல்லாருக்கும் கேட்டால் தருகிறார்கள் இல்லை. மறுக்க முடியாத ஒரு கூட்டத்துக்குக் கேட்போம். யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி வேலையோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. வேலை இருந்தால் காப்புறுதி. ஓய்வு பெற்றால்? காப்புறுதி தேவைப்படுகிற வயதில்தான் அது கைவிட்டுப் போகும். தனியார் கொம்பனிகளுக்கும் வயதானவர்கள் நட்டமான வாடிக்கையாளர்கள். 1960களின் தொடக்கத்தில் 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் ஏதாவது ஒரு காப்புறுதி இருந்தது. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் சேமிப்பு முடிந்தது. அப்பா அம்மாவின் பில்லைக் கட்டுவது பிள்ளைகள். ஆகவே இது வயோதிபர் பிரச்சினை மட்டுமில்லை, நாற்பது வயதுக்காரர்களின் பிரச்சினையும்தான்.

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. 1961இல் மருத்துவச் சங்கம் ஒரு இசைத்தட்டை வெளியிட்டது. டொக்டர்களின் மனைவிமார் அயலவர்களை வீட்டுக்குக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டு, இதைப் போட்டுக் காட்டி, காங்கிரஸுக்குக் கடிதம் எழுத வைக்கவேண்டும் என்பது திட்டம். தட்டில் பேசிய குரல் ஒரு நடிகருடையது: ரொனால்ட் ரேகன். பெயரை ஞாபகம் வைத்திருங்கோ, அவர் இந்தக் கதையில் திரும்ப வருவார். 1962 மே மாதம் கெனடி நியூயோர்க்கின் மெடிசன் ஸ்குவயர் கார்டனில் நிறைந்த கூட்டத்துக்கு முன் முதியோர் காப்புறுதிக்காகப் பேசினார். மருத்துவச் சங்கம் அதே மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வெறும் கதிரைகளுக்கு முன்னால் எட்வர்ட் அன்னிஸ் என்ற டொக்டரை நிறுத்திப் பதில் சொல்ல வைத்துத் தொலைக்காட்சியில் போட்டது. வெறுமையான மண்டபம்தான் வென்றது. அந்த வருஷம் ஜூலையில் செனற்றில் 52க்கு 48 என்று சட்டமூலம் தோற்றது.

1964 தேர்தலில் லிண்டன் ஜோன்சனின் கட்சி பெருவெற்றி பெற்றதும் காற்று மாறியது. அதுவரை கதவை இறுக்கிப் பிடித்திருந்த வில்பர் மில்ஸ், காங்கிரஸின் வரிக் குழுத் தலைவர், திடீரென்று மூன்று போட்டித் திட்டங்களையும் ஒன்றாக அடுக்கினார். அரசாங்கம் கேட்ட ஆஸ்பத்திரிக் காப்புறுதி பகுதி ஏ ஆனது. குடியரசுக் கட்சி முன்வைத்த, விரும்பினால் மாதக் காசு கட்டிச் சேரும் டொக்டர் செலவுக் காப்புறுதி பகுதி பி ஆனது. வறியவர்களுக்கான உதவி மெடிக்கெயிட் ஆனது. மூன்று அடுக்குக் கேக் என்று பத்திரிகைகள் பகிடியாகச் சொன்னது இதைத்தான். 1965 ஜூலை 30ஆம் திகதி ஜோன்சன் மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் ஊருக்கே போய், தோற்றுப்போன ட்ரூமனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கையெழுத்து வைத்தார். முதல் அட்டை ட்ரூமனுக்கு.

அம்மம்மாவின் பில் பிறந்தது இந்தக் கேக்கில்தான். பகுதி ஏ ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு. அதன் காசு உழைப்பவர்களின் சம்பள வரியில் இருந்து. பகுதி பி டொக்டருக்கு; ஆரம்பத்தில் மாதம் 3 டொலர் சந்தா, வருஷத்தில் முதல் 50 டொலர் நீங்கள் கட்டவேண்டும், அதற்குப் பிறகு நூற்றுக்கு இருபது உங்களுடையது. சரி, அவசர சிகிச்சைப் பிரிவு எந்தப் பக்கம்? அது ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற அறை. ஆனால் அங்கே வருகிறவர் இன்னும் ஆஸ்பத்திரி நோயாளி இல்லை. காங்கிரஸில் வாக்கு எண்ணியவர்கள் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் யோசித்துச் சட்டம் எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வாசலை அவ்வளவாக யோசிக்கவில்லை. வந்து போகிற நோயாளி என்றபடியால் அது பெரும்பாலும் பி பக்கம் சரிந்தது.

அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் ஏலாது. அந்தக் காலத்து அவசரப் பிரிவு இன்றைக்கு நாங்கள் படங்களில் பார்க்கிற மாதிரி இல்லை. அதற்கெனப் படித்த டொக்டர்களே கிடையாது. பயிற்சியில் இருக்கிற இளம் டொக்டரோ, முறை வைத்து வருகிற யாரோ ஒருவரோ இருப்பார். வேர்ஜினியாவின் அலெக்சாண்ட்ரியா ஆஸ்பத்திரியில் 1961இல் ஜேம்ஸ் மில்ஸ் என்ற டொக்டரும் இன்னும் சிலரும் தங்கள் தனியார் தொழிலை விட்டுவிட்டு முழுநேரமாக அவசரப் பிரிவைப் பார்க்கத் தொடங்கியது ஒரு புதினமாகப் பேசப்பட்டது. அம்புலன்ஸ் கதை இன்னும் மோசம். 1966இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட அறிக்கையின்படி நாட்டின் அம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் மரணச் சடங்கு செய்கிறவர்கள். நீட்டிக் கிடத்திக்கொண்டு போகக்கூடிய வாகனம் அவர்களிடம்தான் இருந்தது. பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அதே வண்டிதான்.

1966 ஜூலை முதலாம் திகதி

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது காசுக் கணக்குக்காக. ஆனால் படித்ததில் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம்.

1965இல் அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஆஸ்பத்திரிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பின நோயாளிகளுக்கு வேறு வாட், சில இடங்களில் வேறு வாசல், சில ஆஸ்பத்திரிகளில் இடமே இல்லை. இது வெறும் உள்ளூர் வழக்கமும் அல்ல. 1946ஆம் ஆண்டு ஹில்-பேர்ட்டன் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் காசில் கட்டிய ஆஸ்பத்திரிகளுக்கே "பிரித்தாலும் சமமாகக் கொடுத்தால் போதும்" என்று சட்டம் அனுமதி கொடுத்திருந்தது. வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் ஜோர்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் வைத்தியர் இருந்தார். பல் கட்டியால் வீங்கிப்போய் வந்த தன் நோயாளி ஒருவரை உள்ளூர் வெள்ளையர் ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியவில்லை. அவரும் வேறு சில டொக்டர்களும் பல் வைத்தியர்களும் நோயாளிகளும் 1962இல் வழக்குப் போட்டார்கள். 1963இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரச காசு வாங்கும் ஆஸ்பத்திரி பிரித்து வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருஷம் வந்த சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு அதையே நாடு முழுக்க விதியாக்கியது: மத்திய அரசின் காசு வாங்குகிற எந்த நிறுவனமும் நிறம் பார்க்கக்கூடாது.

விதி இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மெடிக்கெயார் வந்ததும் இருந்தது. ஒரு கோடியே தொண்ணூறு இலட்சம் முதியவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் கட்டப் போகிறது. வாட்டுகளை ஒன்றாக்கிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும். 1966இன் முதல் மாதங்களில் வேறு திணைக்களங்களில் இருந்து இரவல் வாங்கிய உத்தியோகத்தர்கள், மருத்துவ மாணவர்கள் என்று ஆயிரம் பேரளவில் திரட்டி, அவசரமாகப் பயிற்சி கொடுத்து, தென் மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். கட்டில் பட்டியலைப் பார், சாப்பாட்டு அறையைப் பார், காத்திருக்கும் அறையைப் பார். சில ஆஸ்பத்திரிகள் பரிசோதகர் வரும் நாளில் மட்டும் நோயாளிகளை இடம் மாற்றிப் போட்டு நாடகம் ஆடின. உள்ளே வேலை செய்த கறுப்பின ஊழியர்களும் உள்ளூர் உரிமை இயக்கத்தவர்களும் உண்மை நிலையை ரகசியமாகத் தெரிவித்தார்கள். தங்கள் வேலையைப் பணயம் வைத்துத்தான்.

ஜூலை முதலாம் திகதி மெடிக்கெயார் நடைமுறைக்கு வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் சில மாதங்களுக்குள் பிரிவினையை விட்டிருந்தன. பள்ளிக்கூடங்களை ஒன்றாக்க நீதிமன்றங்கள் பத்து வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே ஊர்களில் இது நடந்தது. முதியோர் காப்புறுதி என்ற பெயரில் வந்த ஒன்று, அவசரப் பிரிவு வாசலில் இருந்த "நிறத்தவர்" பலகையைக் கழற்றியது. ஒரு குறையையும் சொல்லவேண்டும். பகுதி பி காசு டொக்டர்களுக்கு அரசு கொடுக்கும் உதவி அல்ல என்று வியாக்கியானம் செய்து, தனியார் டொக்டர்களின் கிளினிக்குகளை இந்த விதியில் இருந்து விட்டுவிட்டார்கள். கேக்கை இரண்டாக வெட்டிய கோடு இங்கேயும் வேலை செய்தது.

அதே ரேகன்

இசைத்தட்டில் பேசிய நடிகர் 1981இல் ஜனாதிபதியானார். அவர் மெடிக்கெயாரை ஒழிக்கவில்லை. அவசரப் பிரிவு இன்று இயங்கும் விதத்தைத் தீர்மானித்த இரண்டு சட்டங்களில் கையெழுத்து வைத்தவர் அவர்தான். மேசையின் அந்தப் பக்கம் போனால் கணக்கு வேறு மாதிரித் தெரியும் போல.

முதலாவது 1983. அதுவரை ஆஸ்பத்திரி எவ்வளவு செலவழித்ததோ அவ்வளவையும் மெடிக்கெயார் திருப்பிக் கட்டியது. கூட நாள் வைத்திருந்தால் கூடக் காசு. இனி நோயை வைத்து ஒரு மொத்தத் தொகை என்று மாற்றினார்கள். நெஞ்சுவலிக்கு இவ்வளவு, இடுப்பெலும்பு முறிவுக்கு இவ்வளவு. ஐந்து நாள் வைத்தாலும் பத்து நாள் வைத்தாலும் அதே தொகைதான். கெதியாக அனுப்பு என்பது ஆஸ்பத்திரிக்கு லாபமாக மாறியது. ஒரு நோயாளியை மறிப்பதா, இல்லையா என்பது டொக்டரின் கேள்வியாக மட்டும் இருந்தது போய்க் கணக்காளரின் கேள்வியாகவும் ஆனது.

இரண்டாவது 1986. காப்புறுதி இல்லாத நோயாளிகளைத் தனியார் ஆஸ்பத்திரிகள் அரச ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றி அனுப்பி விடுவது அப்போது வழக்கமாயிருந்தது, சிலர் உயிர் ஊசலாடும் நிலையிலேயே. சிக்காகோவின் குக் கவுண்டி ஆஸ்பத்திரி டொக்டர்கள் தங்களிடம் இப்படித் தள்ளிவிடப்பட்டவர்களை எண்ணி எழுதிய ஆய்வு அந்த வருஷம் வெளிவந்தது. பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்களும் ஹிஸ்பானியர்களும். காங்கிரஸ் ஒரு பெரிய வரவுசெலவுச் சட்டத்துக்குள் சிறிய பிரிவாக ஒரு விதியைச் செருகியது: அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும் சோதித்துப் பார்க்கவேண்டும், ஆபத்து நிலை என்றால் அதைத் தணிக்கவேண்டும், காசு இருக்கிறதா என்ற கேள்வி அதைத் தாமதப்படுத்தக்கூடாது. யாருக்கு இந்த விதி? மெடிக்கெயார் காசு வாங்குகிற, அவசரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு. நடைமுறையில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும். முதியவர்களின் காப்புறுதி என்ற அதே பிடியைக் கொண்டு, இருபது வயதுக்காரனுக்கும் வாசல் திறக்கப்பட்டது. ஆனால் வாசலைத் திறக்கச் சொன்ன சட்டம் பில்லை யார் கட்டுவது என்று சொல்லவில்லை. பார்க்க மறுக்க முடியாது. பார்த்த பிறகு பில் அனுப்பலாம்.

மெடிக்கெயாரைத் தனியார் கொம்பனிகள் ஊடாக எடுக்கிற வழியும் இதற்கிடையில் வளர்ந்தது. அங்கே வேறு சண்டை. நெஞ்சு நோகுது என்று ஓடிப்போன ஒருவருக்கு அது வெறும் வாய்வு என்று தெரியவந்தால், அப்போ அது அவசரம் இல்லை, காசு தரமாட்டோம் என்று நிர்வகிக்கப்பட்ட காப்புறுதிக் கொம்பனிகள் சொல்லின. வீட்டில் இருந்துகொண்டே வாய்வா மாரடைப்பா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகினம்? 1997இல் மெடிக்கெயாருக்கு ஒரு அளவுகோல் சட்டமானது: மருத்துவம் படிக்காத, சாதாரண புத்தியுள்ள ஒருவர் அந்த அறிகுறிகளைக் கண்டு அவசரம் என்று நினைப்பாரா? நினைப்பார் என்றால் அது அவசரம்தான். முடிவில் என்ன நோய் என்று வந்தாலும் பரவாயில்லை. நான் படித்த சட்ட வாசகங்களில் மனிசத் தன்மை உள்ளது இது ஒன்றுதான். இன்றைக்கு மெடிக்கெயார்காரர்களில் பாதிக்கு மேல் இந்தத் தனியார் வழியில் இருப்பதால் இது சின்ன விஷயமும் இல்லை.

மூன்று நாள்

இனி அம்மம்மாவின் கட்டிலுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் தொடர்ந்து மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்திருந்தால்தான் அதற்குப் பிறகான பராமரிப்பு நிலையச் செலவை மெடிக்கெயார் ஏற்கும். இந்த விதி 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. சும்மா முதியோர் இல்லமாகப் பாவிக்கக்கூடாது, உண்மையான நோய்க்குப் பிறகு தேறுவதற்கு மட்டும் என்பது அன்றைய எண்ணம். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன முதியவர் மூன்று நாளைக்குள் திரும்புவது அருமை. ஆகவே ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

ஒரே ஒரு முறை இந்த விதி தூக்கப்பட்டது. 1988இல், திரும்பவும் ரேகனின் கையெழுத்தோடு, பெருஞ்செலவுக் காப்புச் சட்டம் வந்தது. மூன்று நாள் நிபந்தனை போனது. ஆனால் இந்தப் புதிய சலுகைகளுக்கான காசை முதியவர்களே கட்டவேண்டும், வசதியுள்ளவர்கள் வருஷத்துக்கு 800 டொலர் வரை, என்று வைத்தார்கள். பலரிடம் ஓய்வூதியத்தோடு அந்தச் சலுகைகள் ஏற்கெனவே இருந்தன. 1989 ஓகஸ்டில் சிக்காகோவில், அப்போதைய வரிக் குழுத் தலைவர் டான் ரொஸ்டன்கௌஸ்கியின் காரை முதியவர்கள் சூழ்ந்துகொண்டு நகரவிடாமல் மறித்தார்கள். அவர் காரை விட்டிறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த வருஷ முடிவுக்குள் சட்டம் ரத்து. மூன்று நாள் விதி திரும்பி வந்து குந்திக்கொண்டது. முதியவர்கள் தெருவில் இறங்கி வென்ற போராட்டம்தான், ஆனால் வென்றதில் இதையும் சேர்த்து இழந்தார்கள். போராட்டங்களைப் பற்றி எழுதும்போது நாங்கள் இந்த மாதிரி வெற்றிகளைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுகிறோம்.

பிறகு வந்தது கணக்காய்வு. மெடிக்கெயார் தேவையில்லாமல் காசு கொடுத்திருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கத் தனியார் கணக்காய்வாளர்களை அமர்த்தினார்கள். 2005இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2010 அளவில் நாடு முழுக்க. கண்டுபிடிக்கும் தொகையில் ஒரு பங்கு கண்டுபிடித்தவருக்கு. அவர்கள் அதிகம் கை வைத்தது குறுகிய நாள் மறிப்புகளில்: இவரை மறித்திருக்கத் தேவையில்லை, பகுதி ஏ காசைத் திருப்பிக் கொடு. ஆஸ்பத்திரிகள் பயந்தன. பயந்தவர்களுக்கு ஒரு பாதுகாப்பான சொல் இருந்தது: அவதானிப்பு. மறிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் வரை சில மணித்தியாலங்கள் வைத்துப் பார்ப்பதற்கு உருவான சொல். அது நாட்கணக்காக நீளத் தொடங்கியது. கட்டில் அதே கட்டில், தாதி அதே தாதி, பில் மட்டும் பகுதி பி.

2013 ஒக்டோபரில் அரசாங்கம் இரண்டு நள்ளிரவு விதியைக் கொண்டுவந்தது. நோயாளிக்கு இரண்டு நள்ளிரவுகளைத் தாண்டி ஆஸ்பத்திரிச் சிகிச்சை தேவைப்படும் என்று டொக்டர் எதிர்பார்த்தால் மறிக்கலாம். அப்படியென்றால் அம்மம்மாவை மறித்திருக்கவேண்டாமா? நானும் அதைத்தான் கேட்டேன். "தேவைப்படும்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நோவுக்குக் குளிசை கொடுக்கவும் நடக்கப் பழக்கவும் ஆஸ்பத்திரியே வேண்டுமா என்று ஒரு கணக்காய்வாளர் பிறகு கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நிற்க ஆஸ்பத்திரி விரும்பவில்லை என்பது மாமாவின் ஊகம். இன்னொரு கொடுமை: அவசரப் பிரிவில் கழித்த இரவு இந்த இரண்டு நள்ளிரவுக் கணக்கில் சேரும். பராமரிப்பு நிலையத்துக்கான மூன்று நாள் கணக்கில் சேராது. ஒரே இரவு, ஒரே ஆள், இரண்டு கணக்கு.

2015இல் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின்படி, 24 மணித்தியாலத்துக்கு மேல் அவதானிப்பில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி அதை எழுத்தில் அறிவித்து, வாயாலும் விளங்கப்படுத்தி, கையெழுத்து வாங்கவேண்டும். 2017 மார்ச்சில் இருந்து பாவிக்கப்படும் அந்தப் படிவத்தின் சுருக்கப் பெயர் மூன். நிலாதான். அம்மம்மாவும் அதில் கையெழுத்து வைத்திருக்கிறார், தமிழில். "ஏதோ பேப்பர் தந்தவங்கள், வச்சன்" என்கிறார். நோவுக்குப் போட்ட ஊசியின் மயக்கத்தில் இருக்கிற எண்பது வயதுக்காரருக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்தினார்களோ.

சரி, கணக்கு. அம்மம்மா மறிக்கப்பட்டிருந்தால், 2025ஆம் ஆண்டு விலையில், பகுதி ஏ-யின் முதல் 1,676 டொலரை நாங்கள் கட்டியிருக்கவேண்டும். அவசரப் பிரிவு, கட்டில், மருந்து, எல்லா ஆஸ்பத்திரிச் செலவும் அதற்குள். டொக்டர்மாருக்கும் அம்புலன்ஸுக்கும் மட்டும் பகுதி பி. பிறகு பராமரிப்பு நிலையத்தில் முதல் இருபது நாள் ஒரு சதமும் இல்லை. அவதானிப்பில் இருந்ததால் பகுதி பி: வருஷத்தின் முதல் 257 டொலர், அதற்குப் பிறகு டொக்டர் கட்டணத்தில் நூற்றுக்கு இருபது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சேவைக்கும் தனித்தனிப் பங்கு, அம்புலன்ஸிலும் இருபது. நியாயமாகச் சொன்னால், ஆஸ்பத்திரிப் பில்லை மட்டும் பார்த்தால் அவதானிப்பில் இருப்பவருக்குச் சிலவேளை குறைவாகவே வரும். அடி விழுவது பிறகு, பராமரிப்பு நிலையத்தில். அங்கே முழுக் காசும் கைக்காசு. மாமி வேலையில் லீவு எடுத்து இரண்டு மாதம் வீட்டிலேயே பார்த்தார். சம்பளமில்லா லீவு எந்தப் பில்லிலும் வராது.

இன்னொரு வரி அந்தப் பில்லில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மம்மா தினமும் வீட்டில் போடுகிற பிரஷர் குளிசை. வெளிநோயாளி தானாகவே எடுக்கக்கூடிய மருந்துகளுக்குப் பகுதி பி பொதுவாகக் காசு தராது. ஆகவே ஆஸ்பத்திரி கொடுத்த ஒவ்வொரு குளிசைக்கும் தனி விலை. வீட்டில் போத்தல் நிறைய இருந்தது.

வழக்குகளும் நடந்தன. 2011இல் தொடங்கிய ஒரு கூட்டு வழக்கு பத்து வருஷத்துக்கு மேல் இழுபட்டு, 2022 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. முதலில் உள்நோயாளியாக மறித்துவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரி அவதானிப்புக்கு மாற்றிய நோயாளிகள் அதை எதிர்த்து முறையீடு செய்யலாம். அதற்கான விதிகள் 2024 ஒக்டோபரில்தான் வெளிவந்தன. கொரோனா காலத்தில் மூன்று நாள் நிபந்தனையே நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 மே 11இல் அவசரநிலை முடிந்த அன்றைக்கே அது திரும்ப அமுலுக்கு வந்தது.

இதையெல்லாம் எங்களோடு ஒப்பிட்டு, பாருங்கோ எங்கட இலவச மருத்துவம் எவ்வளவு திறம் என்று முடிப்பது சுகம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், 2018இல் இருந்து யாழ்ப்பாணத்துக்கும் வருகிறது, அதற்குப் பில் இல்லை. அது உண்மை. ஆனால் 2022க்குப் பிறகு வாட்டில் மறிக்கப்பட்டவருக்கு மருந்தை எழுதித் தந்து வெளியில் வாங்கி வரச் சொன்னதும், ஸ்கானுக்குத் தனியாரிடம் ஓடியதும் எங்கள் எல்லா வீடுகளிலும் நடந்ததுதானே. அங்கே செலவு ஒரு பில்லாக வருகிறது. இங்கே அது பார்மசித் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது, யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் உள்ள அம்மம்மாமாருக்காக இரண்டு விஷயம். பிள்ளைகள் கூப்பிட்டு நிரந்தர வதிவிடம் பெற்றுப் போகிற, அங்கே வேலை செய்திராத பெற்றோர், தொடர்ந்து ஐந்து வருஷம் இருந்த பிறகுதான் காசு கட்டி மெடிக்கெயாரில் சேரலாம். அந்த ஐந்து வருஷத்துக்குள் விழுந்தால் வேறு கதை. மற்றது, மெடிக்கெயார் மிகச் சில விதிவிலக்குகள் தவிர நாட்டுக்கு வெளியே வராது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இங்கே விழுந்தால் அந்த அட்டையால் பிரயோசனம் இல்லை; சில துணைக் காப்புறுதிகள் மட்டும், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசரத்துக்கு, ஒரு எல்லை வரை கொடுக்கும். ரிக்கற் போட முதல் அதைக் கேளுங்கோ. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கேட்கவேண்டியது "மறிச்சவங்களோ" என்று அல்ல, உள்நோயாளியா அவதானிப்பா என்று. அதுவும் முதல் நாளே, டொக்டரிடம் நேரடியாக.

மாமா முறையீடு செய்யப் பார்த்தார். நீதிமன்றம் கொடுத்த உரிமை, மறித்த பிறகு மாற்றப்பட்டவர்களுக்கு மட்டும். அம்மம்மா தொடக்கத்தில் இருந்தே அவதானிப்பில் என்பதால் அதற்குள் வரமாட்டார் என்று பதில் வந்தது. அம்மம்மாவுக்கு இதை மூன்று தடவை விளங்கப்படுத்தியாயிற்று. இப்ப ஒரு தடியோடு நடக்கிறார். யார் ஃபோன் எடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "என்னை அங்க நாலு நாள் மறிச்சு வச்சிருந்தவங்கள் பிள்ளை."